துப்பாக்கிக் காயத்துக்கு முதலுதவி: குண்டு கிடக்கட்டும், ரத்தத்தைப் பிடியுங்கள்

மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். துப்பாக்கிக் காயம் அங்கே தினமும் வருவதில்லை. வருஷத்துக்கு நாலைந்து வரும். காட்டுப்பன்றிக்கு வைத்த குறி தவறி மச்சான் தொடையில் பாய்ந்திருக்கும். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து இடிக்கும்போதே வெடித்து உள்ளங்கை கிழிந்திருக்கும். விளையாட்டாக ஏர்கன்னைத் தூக்கிய பையன் தம்பியைச் சுட்டிருப்பான்.

ஒரு நாள் இரவு லோடு வேனில் இருபது வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். தொடையின் மேல்பகுதியில் பால்ரஸ் குண்டு, அதாவது சின்ன இரும்பு உருண்டை, பாய்ந்திருந்தது. அவனுடைய அக்கா வேனின் தகரத் தரையில் மண்டியிட்டு, ஒரு துண்டைக் காயத்துக்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே வந்திருந்தாள். மலைப்பாதையில் நாற்பது நிமிடம். “எடுக்கலாமா சிஸ்டர்?” என்றாள். “எடுக்காதே, அப்படியே உள்ளே வா” என்றோம். ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து நடந்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை வந்தாள். அங்கே டாக்டர் தன் கையை வைத்த பிறகு அவள் கையை எடுக்கச் சொன்னோம். விரல்கள் மரத்துப்போய் விரியவே இல்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

சம்பவம் நடந்த இடத்தில் ஒருவர் கத்தியைச் சுடவைத்துக் குண்டை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். “மாமா, கத்தி வேணாம், வண்டி கொண்டு வாங்க” என்றாளாம் இவள். அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் காப்பாற்றியது என்று இன்றுவரை நம்புகிறேன். இதுவரை முதலுதவியே செய்யாதவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, அவள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் உயிர்

சுட்டவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆபத்து இருக்கும்போது ஓடிப்போய் விழுந்தால் தூக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். துப்பாக்கி கீழே கிடந்தால் அதைத் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். அடிபட்டவரைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோவது சுலபம்.

கூடவே ஒருவரை போன் செய்யச் சொல்லுங்கள். இந்தியாவில் 108 அல்லது 112. இலங்கையில் 1990. அமெரிக்காவில் 911. பொதுவாக “யாராவது போன் பண்ணுங்க” என்று கத்தினால் ஒருவரும் பண்ண மாட்டார்கள். ஆளைக் காட்டி, “தம்பி, நீ பண்ணு” என்று சொல்ல வேண்டும். துப்பாக்கிக் காயம் என்பதையும், இடத்துக்கு அடையாளமாகக் கோயிலோ பள்ளிக்கூடமோ எது இருக்கிறதோ அதையும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் காயத்துக்குக் கொடுங்கள்.

காயம் எங்கே என்று தேடுங்கள்

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் இரண்டு லிட்டர் போனாலே உயிர் ஊசலாடும். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் அவ்வளவும் போய்விடும். அதனால் துணியைக் கிழித்துப் பார்ப்பதற்குத் தயங்காதீர்கள். மானம் மரியாதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காயத்தைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. குண்டு உள்ளே போன துளை சின்னதாகவும் வெளியே வந்த இடம் பெரிதாகவும் இருக்கலாம். வெளியே வராமலும் இருக்கலாம். நாட்டுத் துப்பாக்கி என்றால் ஒரே வெடியில் ஏழெட்டு இடத்தில் பட்டிருக்கும். முதுகு, அக்குள், தொடை இடுக்கு, பிட்டம், தலைமுடிக்குள் என்று எல்லா இடத்திலும் கையை விட்டுத் தடவி, உள்ளங்கையில் ரத்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். 1981 மார்ச் 30-ல் அமெரிக்க அதிபர் ரேகன் சுடப்பட்டபோது, காருக்குள் தள்ளியதில் விலா எலும்பு முறிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். வாயில் ரத்தம் வந்ததும் வண்டியை மருத்துவமனைக்குத் திருப்பினார்கள். அங்கே சட்டையை வெட்டிப் பார்த்தபோதுதான் இடது அக்குளுக்குக் கீழே சின்னக் கீறல் மாதிரி ஒரு துளை தெரிந்தது. அதற்குள் அவர் உடம்பில் பாதி ரத்தம் போயிருந்தது. அதிபருக்கே அந்த நிலை. இருட்டில், காட்டில், டார்ச் வெளிச்சத்தில் நாம் இன்னும் கவனமாகத் தேட வேண்டும்.

ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, நிற்காமல் வழிந்தாலோ, தரையில் ஒரு டம்ளர் அளவுக்குத் தேங்கிவிட்டாலோ, ஆள் உளற ஆரம்பித்தாலோ, அந்தக் காயத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அழுத்துங்கள், திணியுங்கள்

கை, கால், தொடை இடுக்கு, அக்குள், தோள்பட்டை ஆகிய இடங்களுக்கு இது. கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும்.

ஆளைக் கெட்டியான தரையில் படுக்க வையுங்கள். மெத்தையிலோ கயிற்றுக் கட்டிலிலோ வைத்து அழுத்தினால் உங்கள் பலமெல்லாம் மெத்தைக்குப் போய்விடும். துண்டு, லுங்கி, துப்பட்டா எது கிடைத்தாலும் எடுங்கள். துளை சின்னதாக இருந்தால் துணியை மடித்து மேலே வைத்து அழுத்தலாம். விரல் போகும் அளவுக்கு ஆழமாக இருந்தால் மேலே மட்டும் அழுத்தினால் ரத்தம் உள்ளுக்குள்ளே போய்க்கொண்டே இருக்கும். துணியின் ஒரு முனையை விரலால் காயத்தின் அடிவரை தள்ளி, ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திணியுங்கள். தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல, இனி இடமே இல்லை என்னும்வரை அடைக்க வேண்டும். அப்புறம் மேலே மிச்சத் துணியை வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் எடை முழுவதும் இறங்கும்படி இரண்டு கையாலும் அழுத்துங்கள்.

அவர் வலியில் கத்துவார், உங்கள் கையைத் தட்டிவிடுவார். மனசு கேட்காது. ஆனாலும் விடாதீர்கள். நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கும் ஆசைதான் பெரிய எதிரி. அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் அதில் பிய்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் இன்னும் பலமாக அழுத்துங்கள், மேலே இன்னொரு துணி வையுங்கள். குறைந்தது பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து அழுத்த வேண்டும். உதவி வந்து சேரும்வரை கையை எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

“அழுக்குத் துணியாக இருந்தால் சீழ் பிடிக்காதா?” என்று நான் எடுத்த ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டிருக்கிறார்கள். பிடிக்கலாம். சீழுக்கு மருத்துவமனையில் மருந்து இருக்கிறது. போன உயிருக்கு இல்லை. சுத்தமான துணி கையெட்டும் தூரத்தில் இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் தோளில் கிடக்கிற துண்டு போதும்.

வகுப்பில் பழகுவதற்குத் தடிமனான ஸ்பாஞ்சில் ஆழமாக ஒரு துளை வெட்டி, அடியிலிருந்து ஒரு டியூப் வழியாகச் சிவப்புத் தண்ணீர் விடுவோம். முதல் தடவை எல்லோரும் துணியைத் துளையின் வாயில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது தடவை விரலை அடிவரை விட்டதும் சட்டென்று நிற்கும். அந்த வித்தியாசத்தைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

கட்டிப் பிடிப்பது: டூர்னிக்கெட்

கை அல்லது காலில் அடிபட்டு, அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, அழுத்திக்கொண்டே இருக்க ஆள் இல்லை என்றாலோ டூர்னிக்கெட், அதாவது ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்கமான கட்டு, போடலாம். காயத்துக்கு மேலே, அதாவது நெஞ்சுப் பக்கமாக, நாலு விரல் தள்ளிக் கட்ட வேண்டும். முழங்கால், முழங்கை மூட்டின் மேல் கட்டக் கூடாது. காயம் எங்கே என்றே தெரியாதபடி ரத்தமாக இருந்தால், கை கால் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக, துணிக்கு மேலேயே கட்டிவிடலாம்.

கடையில் விற்கும் டூர்னிக்கெட்டில் பட்டையும் முறுக்கும் கம்பும் சேர்ந்தே இருக்கும். வனத்துறையில் வேலை செய்பவர்களும் மலைக் கிராமங்களில் வண்டி ஓட்டுபவர்களும் தரமான ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அது இல்லையென்றால், இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாத துணிப்பட்டையைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் உறுதியான குச்சியோ கரண்டியோ வைத்து, இன்னொரு முடிச்சுப் போட்டு, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சி திரும்பிவிடாதபடி கட்டுங்கள். சணல், கம்பி, ஷூ லேஸ் வேண்டாம், அவை சதையை அறுக்கும்.

இங்கே நான் அடிக்கடி பார்த்த தவறு, தளர்வாகக் கட்டுவது. தளர்வான கட்டு, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை மட்டும் தடுக்கும், வருகிற ரத்தத்தைத் தடுக்காது. விளைவு, கட்டாமல் விட்டதைவிட அதிகமாக ரத்தம் போகும். குச்சி வைத்து முறுக்க வழியில்லை என்றால் கட்டவே வேண்டாம், அழுத்திக்கொண்டே இருங்கள். ஒழுங்காகப் போட்ட கட்டு கடுமையாக வலிக்கும், அது சரியான அறிகுறிதான். ஒரு கட்டில் நிற்கவில்லை என்றால் அதற்கு மேலே இன்னொன்று.

கட்டிய நேரத்தை பேனாவால் நெற்றியிலோ கையிலோ எழுதிவிடுங்கள். “பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தளர்த்திவிடணும்” என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தளர்த்தாதீர்கள். இரண்டு மணி நேரம்வரை பெரும்பாலும் கைகாலுக்குச் சேதம் வராது. அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை.

நெஞ்சு, வயிறு, தலை

இந்த மூன்றிலும் துணியைத் திணிக்கக் கூடாது. உள்ளே ஓடும் ரத்தத்தை வெளியிலிருந்து நம்மால் பிடிக்க முடியாது. இங்கே மருந்து வேகம் மட்டும்தான்.

நெஞ்சில் துளை இருந்து மூச்சோடு சேர்ந்து காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால், பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் ஒட்டி அடைக்காதீர்கள். காற்று உள்ளே சேர்ந்து நுரையீரலை நசுக்கிவிடும். பயிற்சி இல்லாதவர் அதைத் திறந்தபடி விட்டுவிடுவதே பாதுகாப்பு. வெளியே ரத்தம் கொட்டினால் மட்டும் துணி வைத்து அழுத்தலாம், ஆனால் நனைந்த துணி துளையை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினால், அவருக்கு எப்படி உட்கார்ந்தால் சுலபமாக இருக்கிறதோ அப்படியே சாய்த்து உட்கார வையுங்கள். வயிற்றுக் காயத்தில் குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் தளர்வாக மூடினால் போதும். தலையில் என்றால் துணியை மெதுவாக வைத்துப் பிடியுங்கள், எலும்பு நொறுங்கிய இடத்தில் அழுத்தம் கூடாது.

மயங்கிவிட்டார், ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். அப்போதும் ரத்தம் பீய்ச்சும் இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீர், மஞ்சள், காபித்தூள்

ரத்தம் நிறையப் போனவருக்குத் தாகம் எடுக்கும். “தண்ணி, தண்ணி” என்று கேட்பார். கொடுக்காமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது. ஆனால் தண்ணீர், சோடா, டீ எதுவும் வேண்டாம். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும். ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்துவிடுங்கள்.

காயத்தில் மஞ்சள்தூள், காபித்தூள், சாம்பல், மண் எதையும் போடாதீர்கள். அதையெல்லாம் கழுவி எடுப்பதற்கே தியேட்டரில் நேரம் போகும். சித்திரை வெயிலாக இருந்தாலும் போர்வையால் மூடுங்கள், நனைந்த துணியைக் களையுங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது குறையும், ரத்தப்போக்கு கூடும்.

குண்டைத் தேடிக் காயத்துக்குள் குடையவே கூடாது. 1881 ஜூலையில் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் காயத்தில், கழுவாத விரல்களையும் கருவிகளையும் விட்டு டாக்டர்கள் திரும்பத் திரும்பக் குண்டைத் தேடினார்கள். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்து பார்த்தார். குண்டு கிடைக்கவில்லை. கிருமி பரவி, 79 நாள் கழித்து அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், குண்டு உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் பேசாமல் கிடந்தது. குண்டு தன் வேலையைப் பாய்ந்த நொடியிலேயே முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு உயிரை எடுப்பது ரத்தப்போக்கும் கிருமியும்தான்.

வண்டி, மருத்துவமனை, போலீஸ்

108 வர நேரமாகும் என்றால், கிடைத்த வேனில் ஏற்றிக் கீழே இறங்குங்கள். பாதி வழியில் ஆம்புலன்ஸைச் சந்திக்கிறோம் என்று அவர்களுக்கே போனில் சொல்லிவிடலாம். சாலை இல்லாத ஊரில் டோலி கட்டித் தூக்குவீர்கள், அப்போதும் ஒரு கை காயத்தின் மேல் இருக்க வேண்டும். ஆளை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவருவது, வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஆபரேஷன் வசதியும் ரத்த வங்கியும் இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போவது நல்லது. எது என்று 108-ல் கேட்டால் சொல்வார்கள்.

போலீஸ் பயம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்பதால் ஆளை வீட்டிலேயே வைத்து, விடிந்த பிறகு கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை, பிணவறைக்குத்தான் அனுப்பினோம். துப்பாக்கிக் காயம் எம்எல்சி கேஸ், அதாவது சட்டம் சம்பந்தப்பட்ட மருத்துவ வழக்கு, மருத்துவமனை போலீஸுக்குச் சொல்லத்தான் செய்யும். ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம், முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், சட்ட நடைமுறை பிறகுதான், அரசு மருத்துவர் தனியார் மருத்துவர் இருவருக்கும் இது பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தால் வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆளை உடனே கொண்டுவாருங்கள்.

டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். “கம்பி குத்திவிட்டது” என்றால் அவர் தேடும் இடமே மாறிப்போகும். என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரம், எத்தனை வெடி, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அதனால் நேரம் ரொம்ப முக்கியம். கழற்றிய உடைகளைத் துவைக்காமல், காகிதப் பையில் வைத்துக் கொடுங்கள்.

குண்டை ஏன் எடுக்கவில்லை?

டிஸ்சார்ஜ் ஆகும்போது சொந்தக்காரர்கள் கோபப்படுவது இதற்குத்தான். சதைக்குள் ஆழமாகத் தங்கிய குண்டைச் சுற்றி உடம்பே ஓர் உறை கட்டிக்கொள்ளும். அதை எடுக்க வெட்டினால் நல்ல நரம்பும் சதையும் சேதமாகும். தியோடர் ரூஸ்வெல்ட் 1912-ல் நெஞ்சில் வாங்கிய குண்டோடு, 1919-ல் இறக்கும்வரை வாழ்ந்தார். மூட்டுக்குள்ளோ கண்ணிலோ ரத்தக்குழாயிலோ இருந்தால் அது வேறு கதை, எடுத்தாக வேண்டும். மூட்டுநீரில் ஈயம் கரைந்து ரத்தத்தில் கலக்கும். உள்ளே குண்டு இருக்கிறது என்பதை எழுதி, எக்ஸ்ரேவோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், முதலில் அதைக் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தால் பயப்படாதீர்கள். உள்ளே அழுக்கு தங்கக் கூடாது என்று சில நாள் கழித்துத் தைப்பார்கள், அல்லது தானாகவே அடியிலிருந்து ஆற விடுவார்கள். கட்டு மாற்றும் முன்பும் பின்பும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டிடி எனும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். காய்ச்சல், நாற்றமடிக்கும் சீழ், பரவும் சிவப்பு, விரல்கள் ஜில்லிட்டு மரத்துப்போவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். மண்ணீரலை எடுத்திருந்தால் போட வேண்டிய தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் கஞ்சி கொடுப்பார்கள் நம் வீடுகளில். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். டாக்டர் தடை சொல்லாதவரை முட்டையும் மீனும் பருப்பும் கட்டாயம் கொடுங்கள். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். பீடி சிகரெட் புண்ணை ஆறவிடாது.

நரம்பு அடிபட்டிருந்தால் பொறுமை வேண்டும். வெட்டுப்பட்ட நரம்பு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். தொடையிலிருந்து பாதத்துக்கு அது வந்து சேர ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம். அதுவரை பிசியோதெரபியை விட்டுவிட்டால், நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப்போயிருக்கும். எல்லாம் பழையபடி திரும்பாமலும் போகலாம். 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். கழுத்தில் சுடப்பட்ட பிறகு அவர் குரல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அந்தக் குரலோடுதான் அதற்கப்புறம் பத்து வருஷம் நடித்தார், பிறகு முதலமைச்சரும் ஆனார்.

உடம்பு ஆறிய பிறகும் தூக்கம் வராமல், தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பெரிய ஆண்களைப் பார்த்திருக்கிறேன். “கோழை” என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. காப்பாற்றியவருக்கும் இது வரும். அந்த அக்கா மூன்று வாரம் கழித்துத் தம்பியோடு வந்தபோது, கையில் ரத்த வாடை போகவே இல்லை என்று தனியாக என்னிடம் சொன்னாள். எத்தனை தடவை கழுவியும் போகவில்லையாம். பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினேன், மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இப்போது என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸின் எண் 14416 இருக்கிறது. இந்தியாவில் எங்கிருந்தும் 24 மணி நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.